பயன்படுத்திய மாஸ்டா வாங்கலாமா? ஹிரோஷிமா நிறுவனத்தின் வரலாறும் உரிமையாளர்களின் அனுபவமும்

யாழினி · மெல்பர்ன்

வணக்கம். வீட்டுக்குப் பயன்படுத்திய கார் ஒன்று வாங்க வேண்டும். மாஸ்டா 3, சிஎக்ஸ்-5 இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் வண்டி சொன்னபடி கேட்கிற விதம் மிகவும் பிடித்துப்போனது. ஆனால் என் மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார். "டொயோட்டாவை விட்டு வேறு எதையும் தொடாதே. மாஸ்டா சின்ன நிறுவனம். ஃபோர்டு கைகொடுக்காவிட்டால் எப்போதோ மூடியிருப்பார்கள். முக்கோண எஞ்சின் செய்கிறோம் என்று பணத்தைக் கரைத்தவர்கள்" என்கிறார். அவர் வாழ்நாள் முழுவதும் பட்டறையில் உழைத்தவர். அவர் சொல்லைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை? சொந்தமாக வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு என்ன நினைக்கிறீர்கள்? பெட்ரோல் எடுப்பதா, டீசல் எடுப்பதா? விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

கரைவழி · ஹிரோஷிமா

சகோதரி, உங்கள் மாமனார் சொல்லும் தகவல்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து அவர் வந்தடையும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாஸ்டாவில் வேலை செய்பவன் அல்லன். ஆனால் இந்த ஊரில் வசிப்பவர்களுக்கு மாஸ்டாவும் கார்ப் பேஸ்பால் அணியும் வீட்டுச் சங்கதி. அணியின் முழுப் பெயரில் உள்ள 'தோயோ' என்பதே மாஸ்டாவின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான்.

1920 ஜனவரியில் இந்த நிறுவனம் தொடங்கியபோது செய்தது கார்க் தக்கை. பெயர் தோயோ கார்க் கோக்யோ. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த ஜூஜிரோ மட்சுதா அதை இயந்திரத் தொழிலுக்குத் திருப்பினார். 1931 இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. முன்பக்கம் மோட்டார் சைக்கிள், பின்பக்கம் சரக்குத் தட்டு. 'மாஸ்டா' என்ற பெயர் முதலில் ஒட்டப்பட்டது அந்த வண்டியில்தான். நிறுவனத்தின் பெயர் மாஸ்டா என்று மாறியது வெகு காலம் கழித்து, 1984 இல்.

1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஆலை சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஃபுச்சு என்ற சிற்றூரில் இருந்தது. இடையில் ஹிஜியாமா என்ற குன்று நின்றதால் கட்டடங்கள் பெருமளவு தப்பின. ஆனால் நகருக்குள் இருந்த தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். ஊரில் அரசு இயங்க ஓர் இடமும் மிஞ்சவில்லை. ஹிரோஷிமா மாகாண நிர்வாகமே சில காலம் இந்த ஆலைக் கட்டடத்தில் இயங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், அதாவது நான்கே மாதங்களில், மூன்று சக்கர வண்டி உற்பத்தியை மறுபடி தொடங்கினார்கள். அந்த ஊரில் அப்போது எதைக் கட்டவேண்டுமானாலும் மரமும் ஓடும் கல்லும் சுமக்க வண்டி வேண்டும் அல்லவா? இங்கே உள்ள முதியவர்கள் மாஸ்டாவைப் பற்றிப் பேசும்போது கார் நிறுவனத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்காது. அதற்குக் காரணம் இதுதான்.

இனி முக்கோண எஞ்சினுக்கு வருகிறேன். 1960 இல் ஆர்360 என்ற சிறு கார். 356 சிசி, விலை 3 லட்சம் யென். நன்றாக விற்றது. ஆனால் அப்போது ஜப்பானிய வர்த்தக, தொழில் அமைச்சகம் கார் நிறுவனங்களை இரண்டு மூன்று பெரிய குழுக்களாக ஒன்றிணைக்க நினைத்தது. அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் ஹிரோஷிமா நிறுவனம் யாருக்கோ கிளையாகியிருக்கும். தனித்து நிற்க வேண்டுமானால் பிறரிடம் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும். அதனால்தான் ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுதா ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்துடன் 1961 இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஃபெலிக்ஸ் வாங்கலின் ரோட்டரி எஞ்சினை, அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி சுழலும் எஞ்சினை, கொண்டுவந்தார். பணத்தைக் கரைக்கும் ஆசையால் வந்ததன்று, பிழைத்திருப்பதற்காக எடுத்த முடிவு. மாமனாரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கொண்டுவந்த எஞ்சின் ஓடவில்லை. அதாவது, சிறிது நேரம் ஓடியதும் உள்சுவரில் அலையலையாகக் கீறல் விழுந்தது. இங்குள்ளவர்கள் அதைப் பேயின் நகக்கீறல் என்றார்கள். கென்இச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதற்காகவே உட்கார்ந்தார்கள். சுழலியின் மூன்று முனைகளிலும் கசிவைத் தடுக்க இருக்கும் சீல்களை என்ன பொருளில், எந்த வடிவத்தில் செய்வது என்பதே கேள்வி. கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் கைகொடுத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே யாமமோட்டோ பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவரானார். கணக்குப் பிள்ளைகள் தலைமை நாற்காலியில் அமரும் தொழிலில் எஞ்சின் செய்தவர் அமர்ந்தது எனக்குப் பெரிய செய்தியாகவே படுகிறது.

ஃபோர்டு விவகாரத்தைப் பிறகு எழுதுகிறேன். நீண்டுவிட்டது.

வைகைக்கரை · மதுரை

அருமையான பதிவு. தமிழ்நாட்டில் மாஸ்டா என்றால் எங்களுக்குக் கார் நினைவுக்கு வருவதில்லை. சுவராஜ் மாஸ்டா வேன்தான். பள்ளிப் பிள்ளைகள், கல்யாண வீட்டார், சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் என்று எல்லோரையும் சுமந்த வண்டி. பஞ்சாபில் 1980களில் பஞ்சாப் டிராக்டர்ஸ், மாஸ்டா, சுமிடோமோ மூன்றும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. பின்னர் இசுசு பெயருக்கு மாறியது. மாஸ்டா கார்கள் இந்தியாவில் முறைப்படி விற்கப்படவே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சுழலி · ஆக்லாந்து

ரோட்டரி பற்றிப் பேச்சு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் மாஸ்டாவின் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறேன். நியூசிலாந்தில் ரோட்டரி மேல் பித்துக்கொண்ட கூட்டம் பெரியது. இங்கே இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பிஸ்டன் எஞ்சினில் உலோகத் துண்டு ஒன்று மேலே போய், நின்று, கீழே வந்து, மறுபடி நிற்கிறது. ஒரு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை. ரோட்டரியில் நிற்பது என்பதே கிடையாது. முக்கோணச் சுழலி ஒரே திசையில் சுழல்கிறது. அதன் மூன்று பக்கங்களிலும் உள்ளிழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் மாறி மாறி நடக்கின்றன. சுழலி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். வால்வு இல்லை, அதிர்வு குறைவு, எடையும் குறைவு. 9,000 சுற்றுகளை நெருங்கும்போதும் வண்டி திணறாது. அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் யாழினிக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். எரியறை நீளமாகவும் தட்டையாகவும் இருப்பதால் வெப்பம் சுவர் வழியாகப் போய்விடும், எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். முனை சீல்கள் உராயாமல் இருக்க எஞ்சின் தானே கொஞ்சம் ஆயிலையும் எரிக்கும். இது கோளாறில்லை, அதன் அமைப்பே அப்படி. ஆகவே பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவையும் பார்ப்பவர்கள்தான் இதை வைத்திருக்க முடியும். 1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டா மண்டியிட நேர்ந்ததற்கும் இந்த எரிபொருள் பசிதான் காரணம்.

ஆர்எக்ஸ்-8 2003 இல் வந்தபோது அதன் ரெனிசிஸ் எஞ்சின் அந்த ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதைப் பெற்றது. பின்னாளில் அமெரிக்காவில் அதே எஞ்சினுக்கு உத்தரவாதத்தை எட்டு ஆண்டுகளாக நீட்டிக்கவேண்டி வந்தது. இரண்டும் உண்மை. பயன்படுத்திய ரோட்டரி வாங்குபவர்கள் சாதாரண அழுத்தமானியை நம்பக் கூடாது. ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று அளவுகள் காட்டும் தனிக் கருவி உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அதை வைத்துச் சோதிக்க வேண்டும். நான் முதலில் பார்க்கப் போன வண்டியின் விற்பனையாளர் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை. அங்கேயே திரும்பிவிட்டேன்.

1991 லே மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் பற்றிச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. 787பி, எண் 55, ஆரஞ்சும் பச்சையும் பூசிய வண்டி, நான்கு சுழலி எஞ்சின். வைட்லர், ஹெர்பர்ட், காஷோ மூவரும் 24 மணி நேரத்தில் 362 சுற்றுகள் ஓட்டினார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஹெர்பர்ட் களைப்பில் மேடையேறக்கூட முடியவில்லை. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே முழு வெற்றி பெற்றது அதுவே முதல் தடவை. டொயோட்டாவுக்கு அந்த வெற்றி கிடைத்தது 2018 இல். 27 ஆண்டுகள் கழித்து! உங்கள் மாமனாருக்கு இதையும் சொல்லுங்கள்.

கூலிம் செல்வி · கெடா, மலேசியா

பந்தயம் பெரிய விஷயம்தான். ஆனால் யாழினி கேட்பது பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போகும் காரைப் பற்றி. அதை நான் சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது சிஎக்ஸ்-5, பெட்ரோல் 2.0. இங்கே கூலிமிலேயே பூட்டுகிறார்கள், அதனால் அந்த ஆலையில் வேலை பார்ப்பவர்கள் எங்கள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். வண்டி பல ஆண்டுகளாக எங்களிடம் ஓடுகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறோம், கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றியாகிவிட்டது, பிரேக் பட்டைகள், டயர், பேட்டரி. செலவு என்று சொல்ல இவைதான். எஞ்சினில் யாரும் கை வைத்ததில்லை. பினாங்குப் பாலத்தில் பெருமழையில் பக்கத்தில் லாரி கடந்து போகும்போதும் வண்டி நெளியாது. அந்த உறுதிதான் எனக்குப் பிடித்தது.

கதவை மூடும் ஓசை, இருக்கைத் தையல், சுழல்குமிழ்கள் திரும்பும் விதம் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அக்கறையோடு யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. முன்னிருக்கையில் அமர்பவரைத்தான் அதிகம் நினைத்திருக்கிறார்கள். பின்னிருக்கை, இதே அளவுள்ள ஹோண்டா சிஆர்-வியைவிடக் குறைவான இடம்தான். மூன்று பெரியவர்கள் பின்னால் தினமும் உட்கார வேண்டும் என்றால் முதலில் அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள், அக்கா.

தேவன் · ரொறன்ரோ

கனடாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் முதல் கார் பெரும்பாலும் கொறோலா அல்லது சிவிக். எங்கள் வீட்டில் மாஸ்டா 3 வந்ததற்குக் காரணம் அண்ணர். கொழும்பில் மாஸ்டா ஃபமிலியா ஓட்டியவர், வேறெதையும் கேட்கமாட்டார்.

இங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். முதலாம் தலைமுறை மாஸ்டா 3 வண்டிகளின் பின்சக்கர வளைவில் துரு பிடிப்பது கனடாவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். 2012 க்குப் பிந்திய வண்டிகளில் நிலைமை வெகுவாகத் திருந்திவிட்டது. என்றாலும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அடிப்பாகத்துக்கு எண்ணெய் தெளிப்பதை நாங்கள் விடுவதில்லை. மெல்பர்னில் இந்தக் கவலை இல்லை. கடற்கரையை ஒட்டி நின்ற வண்டி என்றால் மட்டும் கீழே குனிந்து பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கியர்பாக்ஸ் பற்றி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஹோண்டா, நிசான், சுபாரு எல்லாம் தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்குப் போய்விட்டன. மாஸ்டா உலகச் சந்தையில் விற்கும் வண்டிகளுக்கு ஆறு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக்கையே தானே வடிவமைத்தது. விற்பனையாளர்கள் "கியர் எண்ணிக்கை குறைவு, பழைய நுட்பம்" என்றார்கள். ஆனால் காலை மிதித்தால் வேகமும் ஒலியும் ஒன்றாக ஏறுகின்றன. நெடுஞ்சாலையில் சேரும்போது அந்த நம்பிக்கை பெரிது. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020 இறுதியில் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் மாஸ்டா டொயோட்டாவையும் லெக்சஸையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ஒவ்வொரு மாடலிலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், நன்றாக ஓடுவதை ஓடவிட்டு மற்றதைத் திருத்துகிற பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நடுநிலை · சிட்னி

எல்லோரும் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். வாங்கப் போகிற பெண்ணுக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். அவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மாஸ்டாவின் ஆஸ்திரேலியக் கிளைமீது நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. தீவிரமான, திரும்பத் திரும்ப வரும் கோளாறுள்ள வண்டிகளுக்குப் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று வண்டி பெறவோ சட்டத்தில் உரிமை உண்டு. அந்த உரிமை பற்றி வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தவறான தகவல் தரப்பட்டதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. 2024 இல் அபராதம் 1.15 கோடி ஆஸ்திரேலிய டாலர். இது வதந்தி கிடையாது, நீதிமன்றப் பதிவு.

அதே 2024 இல் ஜப்பானில் சான்றிதழ் சோதனை முறைகேடு வெளிவந்தது. டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹா, மாஸ்டா ஐந்து நிறுவனங்களின் பெயரும் அதில் இருந்தன. மாஸ்டாவில் சில பழைய மாடல்களின் மோதல் சோதனையில் காற்றுப்பையை வண்டியின் உணர்வி தானாக விரிக்க விடாமல், வெளியிலிருந்து நேரம் குறித்து விரித்திருக்கிறார்கள். ஓட்டும் சுகத்தைப் பற்றி நீங்கள் எத்தனை பத்தி எழுதினாலும் இது சின்ன விஷயம் ஆகிவிடாது.

டீசல்: 2.2 டீசல் நெடுந்தொலைவு ஓட்டுபவர்களுக்கு நல்ல இழுவிசை தரும். ஆனால் பள்ளி, கடை, வீடு என்று குறுந்தூரம் மட்டும் ஓட்டினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. புகைவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். காற்றுவழியில் கரி படியும். இந்த எஞ்சினில் கரிப்படிவு உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒன்று. உங்கள் ஓட்டம் நகருக்குள் மட்டும்தான் என்றால் டீசல் பக்கமே போகாதீர்கள்.

கரைவழி · ஹிரோஷிமா

நடுநிலை சொன்னவற்றை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. சான்றிதழ் விவகாரம் இங்கே ஊரையே தலைகுனிய வைத்தது. ஆலையில் வேலை செய்யும் என் அண்டை வீட்டுக்காரர் பல நாட்கள் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஃபோர்டு பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விற்பனை சரிந்து, சுமிடோமோ வங்கி நுழைந்து நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. ஆலைத் தொழிலாளர்களை விற்பனைக் கடைகளுக்கு அனுப்பி வீடு வீடாகக் கார் விற்கச் சொன்னார்கள். வெல்டிங் செய்த கைகள் கதவு தட்டின. 1979 இல் ஃபோர்டு சுமார் 25 விழுக்காடு பங்கு வாங்கியது. 1980களின் இறுதியில் கையில் பணம் புரண்டபோது மாஸ்டா செய்த காரியம்தான் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது. ஜப்பானுக்குள் ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களை வைத்து, ஒரே காரைப் பல முகங்களில் விற்கப் பார்த்தார்கள். பொருளாதாரக் குமிழி உடைந்ததும் எல்லாம் சரிந்தது. 1996 இல் ஃபோர்டின் பங்கு 33.4 விழுக்காடாக உயர்ந்தது. ஃபோர்டு அனுப்பிய ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைவரானது அதுவே முதல் முறை.

2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டுக்கே பணமுடை. பங்குகளை விற்கத் தொடங்கி, 2015 இல் முழுவதும் வெளியேறியது. அதாவது கைகொடுத்தவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், உடல்சட்டகம், அடிச்சட்டகம் நான்கையும் ஒரே மூச்சில் புதிதாக வடிவமைத்தார்கள். யாழினி ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போனது இந்த ஸ்கைஆக்டிவ் தலைமுறைதான். பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதம் 14 க்கு 1. சாதாரணப் பெட்ரோல் ஊற்றும் நாடுகளுக்கு 13 க்கு 1. அந்த அளவு அழுத்தினால் கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டும் என்பது பழைய பாடம். தட்டாமல் இருக்க, வெளியேறும் சூட்டுப்புகை மறுபடி உருளைக்குள் திரும்பாதபடி வெளியேற்றுக் குழாய்களை நீளமாக வளைத்துக் கட்டினார்கள். டர்போ சேர்க்காமல், எஞ்சின் கொள்ளளவைச் சுருக்காமல், எரிதலைத் திருத்தியே சிக்கனம் கண்டார்கள். பட்டறைக்காரரான உங்கள் மாமனார் இதைக் கேட்டால் நிச்சயம் தலையசைப்பார். டர்போ இல்லாத எஞ்சின் பத்து ஆண்டுக்குப் பிறகு யாருடைய பையைக் காக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

இன்று டொயோட்டாவிடம் மாஸ்டாவின் பங்கு சுமார் 5 விழுக்காடு இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் இருவருக்கும் கூட்டு ஆலை உண்டு. ஆண்டுக்கு 12, 13 லட்சம் வண்டி விற்கும் நிறுவனம் மின்வண்டிக் காலத்தில் தனித்து நிற்பது கடினம் என்பதை அவர்களே அறிவார்கள். ஆனால் உதிரிபாகம் கிடைக்காமல் போகும் அச்சம் ஆஸ்திரேலியாவில் வேண்டாம். அங்கே மாஸ்டா பல ஆண்டுகளாக விற்பனையில் முன்வரிசையில் இருக்கும் பெயர்.

நெறியாளர்

தனிப்பட்ட விற்பனையாளர்களின் பெயர், விலைப்பட்டியல் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை விற்பனைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். உரையாடல் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

யாழினி · மெல்பர்ன்

அனைவருக்கும் நன்றி. கரைவழி எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். அணுகுண்டுக்கு நான்கு மாதம் கழித்து வண்டி உற்பத்தி தொடங்கிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். டர்போ பற்றிய வரிக்கு "அது சரி" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வருவதே அபூர்வம்.

டீசலை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். புதிய மாஸ்டா 3 இல் திரையைத் தொட்டால் வேலை செய்யவில்லை, குமிழைத்தான் சுழற்ற வேண்டியிருக்கிறது. பழகிவிடுமா? அடுத்தது, 2019 க்குப் பிந்திய மாஸ்டா 3 இல் பின்புற சஸ்பென்ஷனை எளிமையாக்கிவிட்டார்கள் என்று எங்கோ படித்தேன். அது குறையா?

தேவன் · ரொறன்ரோ

குமிழ் பழகிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறேன். கை இயல்பாக விழும் இடத்தில் இருக்கிறது. கண் சாலையை விட்டு விலகாமல் பாட்டை மாற்றலாம், வரைபடத்தைப் பெரிதாக்கலாம். பனிக்காலத்தில் கையுறை போட்டபடியே இயக்கலாம்.

சுழலி · ஆக்லாந்து

அதுவே என் வருத்தமும். அவ்வளவு உறுதியாக வாதாடிய நிறுவனம், 2025 இல் அறிவித்த மூன்றாம் தலைமுறை சிஎக்ஸ்-5 இல் அந்தக் குமிழையே எடுத்துவிட்டுப் பெரிய தொடுதிரை வைத்துவிட்டது. ஓட்டுபவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும் என்பது 2019 இல் உண்மை என்றால் இன்றும் உண்மைதானே? சந்தை கேட்கிறது என்று விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பின்புற சஸ்பென்ஷன் பற்றி: முந்திய தலைமுறைகளில் பல இணைப்புக் கைகள் கொண்ட தனித்தனி அமைப்பு இருந்தது. 2019 இல் இரு சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டால் இணைத்துவிட்டார்கள். இடமும் செலவும் மிச்சம். நல்ல சாலையில் வேறுபாடு தெரியாது. வளைவின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வந்தால் தெரியும். எனக்கு 2014 முதல் 2018 வரை வந்த மூன்றாம் தலைமுறைதான் மனத்துக்குப் பிடித்தது.

கூலிம் செல்வி · கெடா, மலேசியா

புதிய மாஸ்டா 3 ஹேட்ச்பேக் பார்க்க அழகோ அழகு. ஆனால் பின்புறத் தூண் அகலம். பின்னால் வரும் மோட்டார் சைக்கிளைப் பார்க்கக் கழுத்தை நன்றாகத் திருப்ப வேண்டும். செடான் எடுத்தால் அந்தச் சங்கடம் குறைவு.

வைகைக்கரை · மதுரை

குறுக்கே வருகிறேன். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் யாரும் இல்லையா? படத்தில் பார்த்தே ஆசைப்பட்டவன் நான்.

பேர்த் மாறன்

இருக்கிறேன், ஐயா. நான்காம் தலைமுறை, கைக் கியர். 1989 இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலில் காட்டியபோது இரண்டு இருக்கைத் திறந்த காரின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிரிட்டனில் அந்த வகை கார் செய்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தியிருந்தார்கள். பத்து லட்சமாவது வண்டி 2016 இல் ஆலையை விட்டு வெளியே வந்தது. நான்கு தலைமுறை கடந்தும் எடை சுமார் ஒரு டன்தான். மற்ற எல்லாக் கார்களும் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துப்போன காலத்தில் ஒவ்வொரு கிராமாக எண்ணி இழைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் சக்தியைக் காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மலைப்பாதையில் சட்ட வேகத்துக்குள்ளேயே முழு மகிழ்ச்சியும் கிடைக்கும். கியர்த்தண்டு மணிக்கட்டின் ஒரு சிறு அசைவுக்கே விழுகிறது. உயரமானவர்கள் மட்டும் முதலில் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், முழங்காலுக்கு இடம் குறைவு. பின்பெட்டியில் இரண்டு கைப்பைகள் வைக்கலாம்.

நடுநிலை · சிட்னி

யாழினி, முடிவெடுப்பதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள். சர்வீஸ் செய்த தேதிகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வண்டியின் அடையாள எண்ணை வைத்துத் திரும்பப்பெறல் அறிவிப்புகளை இணையத்தில் சரிபார்க்கலாம். தகாட்டா நிறுவனத்தின் கோளாறுள்ள காற்றுப்பைகளைத் திரும்பப்பெற்ற விவகாரத்தில் மாஸ்டா உட்படப் பல நிறுவனங்களின் பழைய வண்டிகள் உண்டு. அது மாற்றப்பட்டதா என்பதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். சுயேச்சையான மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள், விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் அல்ல.

யாழினி · மெல்பர்ன்

இன்று முன்பணம் கொடுத்துவிட்டோம். சிஎக்ஸ்-5, 2.5 பெட்ரோல், சிவப்பு. சர்வீஸ் பதிவேடு முழுமையாக இருந்தது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்க மாமனாரே வந்தார். அடியில் ஒவ்வொரு ரப்பர் இணைப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தார். "எஞ்சின் காய்ந்து கிடக்கிறது, ஆயில் கசிவு இல்லை, எடுத்துக்கொள்" என்றார். அத்தையை அழைத்துச் சென்று பின்னிருக்கையில் உட்காரவைத்தும் பார்த்தோம், செல்வி.

முன் பம்பரில் சிறு கீறல் இருக்கிறது. இந்தச் சிவப்பைத் தொட்டுப் பூசுவது கடினம் என்று பட்டறையில் சொன்னார்கள். உண்மையா?

கரைவழி · ஹிரோஷிமா

வாழ்த்துகள்! உண்மைதான். அந்தச் சிவப்பு ஒரே பூச்சில் வருவதன்று. அடியில் ஒளியைத் திருப்பியனுப்பும் அலுமினியத் துகள்கள் கொண்ட அடுக்கு, அதன்மேல் கண்ணாடிபோல் ஊடுருவும் சிவப்பு அடுக்கு, அதற்கும் மேல் தெளிந்த காப்பு அடுக்கு. நடு அடுக்கின் தடிமன் சிறிது மாறினாலும் நிறம் மாறிவிடும். தூரிகையால் தொட்டால் புள்ளி தனியாகத் தெரியும். இரண்டு சிவப்புகள் இருக்கின்றன. 2012 இல் வந்தது 41வி, பின்னர் சிஎக்ஸ்-5 இன் இரண்டாம் தலைமுறையோடு வந்தது 46வி. உங்கள் வண்டியின் அடையாளத் தகட்டில் குறியீடு இருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள். கீறல் சிறியது என்றால் இப்போதைக்குத் தொட வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக்தான், துருப் பிடிக்காது. பூசியே ஆக வேண்டுமென்றால் பம்பர் முழுவதையும் பூசி, பக்கத்துத் தகட்டிலும் நிறத்தைக் கலந்து இறக்கத் தெரிந்த பூச்சுக்காரரிடம் கொடுங்கள். முதலில் ஒரு தனித் தகட்டில் பூசிக் காட்டச் சொல்லி, வெயிலில் வைத்து வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாழினி · மெல்பர்ன்

46வி என்று இருக்கிறது. கீறலை அப்படியே விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை வண்டி கைக்கு வருகிறது, முதல் ஓட்டம் மாமனார்தான் ஓட்ட வேண்டும் என்கிறார்.